புது கார் ஸ்பீக்கரைப் பழக்குவது: பாட்டா, டோனா?

புது ஸ்பீக்கரின் விறைப்பு குறையும்வரை ஓடவிடுவதைத்தான் பழக்குவது என்கிறார்கள். கதவுக்கு 6.5 இன்ச் காம்போனன்ட் செட் (பேஸுக்கு ஒரு ஸ்பீக்கர், கூரிய ஒலிக்குத் தனியாக ட்வீட்டர்) வாங்கியவருக்கு மூன்று வழி இருக்கிறது. காரில் மாட்டி அளவான சத்தத்தில் பாட்டு கேட்டபடியே பழக்கலாம். மாட்டும் முன்பே மேசையில் வைத்து 30 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சுருதியில் விடாமல் வரும் ஒலி) கொடுத்து ஒரே நாளில் பழக்கலாம். எதுவும் செய்யாமல் முதல் நாளே முழுச் சத்தத்தில் விடலாம். என் ஓட்டு முதல் வழிக்கு.

மூன்றாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பழக்காததால் நல்ல ஸ்பீக்கர் செத்துவிடாது. முதல் வாரத்தில் போகும் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் கிளிப்பிங்கினாலோ (ஆம்ப்ளிஃபையர் தன் சக்திக்கு மேல் போகும்போது ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுவது) அளவுக்கு மீறிய பேஸினாலோதான் போகின்றன. ஆனால் விறைப்பான புது கோனில் (அசைந்து சத்தம் எழுப்பும் கூம்பு) பேஸ் குறைவாகக் கேட்கும். உடனே பேஸ் பூஸ்டை ஏற்றத் தோன்றும். ஆபத்து அங்கேதான்.

பழகுகிற பாகம் கோனைப் பின்னால் தாங்கிப் பிடிக்கும் ஸ்பைடர். ரெசின் ஏற்றி அலையலையாக மடித்த துணி அது. கோன் முன்னும் பின்னும் போய்வரும்போது மடிப்பு இளகும், ஓரத்து ரப்பரும் கொஞ்சம் தளரும். மாற்றத்தில் பெரும்பங்கு முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடும். ட்வீட்டரில் அசைவே மிகக் குறைவு என்பதால் அதைத் தனியாகப் பழக்க வேண்டியதில்லை.

டோன் வழிக்கு இரண்டு நல்ல குணம் உண்டு. கோன் அசைவது கண்முன்னே தெரியும். உரசல் சத்தம் வந்தால் கதவில் மாட்டும் முன்பே கடையில் மாற்றிக்கொள்ளலாம். சத்தம் தொல்லையாக இருந்தால் இரண்டு ஸ்பீக்கரையும் முகத்தோடு முகம் வைத்து, ஒன்றின் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுங்கள். ஒன்று வெளியே வரும்போது மற்றது உள்ளே போகும், சத்தம் பெருமளவு அடங்கிவிடும். 1 வோல்ட்டில் தொடங்கி, கோன் முன்னே 2, பின்னே 2 மில்லிமீட்டர் அசையும்வரை மட்டும் ஏற்ற வேண்டும். சிக்கல் என்னவென்றால், டோன் இடைவெளியே விடாது. பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) ஆறும். டோனில் சூடு ஏறிக்கொண்டே போகும். கவனிக்க ஆளில்லாமல் இரவு முழுக்க ஓடவிடக் கூடாது.

காரிலேயே பழக்கும்போது முடிவைத் தீர்மானிப்பது ஹை பாஸ் ஃபில்டர், அதாவது குறிப்பிட்ட அலைவெண்ணுக்குக் கீழே உள்ள ஒலியைக் குறைக்கும் அமைப்பு. அதே சத்தம் வேண்டுமென்றால், அலைவெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் போதுமான இடத்தில் 40 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டர் தேவை. பல கதவு ஸ்பீக்கர்களுக்கு எல்லையே ஏறக்குறைய அவ்வளவுதான். கதவுக்குள் காற்றழுத்தம் கோனைப் பிடித்துவைக்காது, அடைத்த பெட்டியில்தான் பிடிக்கும். அதனால் ஃபில்டர் 80இல், சரிவு ஆக்டேவுக்கு (அலைவெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபல், பேஸ் பூஸ்ட் சைபர். குறைந்த சத்தத்தில் கேட்கும் நாட்களில் 60க்கு இறக்கினால் ஸ்பைடருக்கு இன்னும் கொஞ்சம் அசைவு கிடைக்கும்.

அடுத்தது கிளிப்பிங். ஸ்டீரியோவின் பெட்டியில் 50 வாட் x 4 என்று அச்சிட்டிருப்பார்கள். ஆனால் வண்டி ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட், அதில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்க முடிவது சுமார் 20 வாட், மல்டிமீட்டரில் 9 வோல்ட் ஏசி. தனி ஆம்ப்ளிஃபையர் இருந்தால் ஹை பாஸ் ஃபில்டரை அணைத்து, 50 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு அளந்து கெயினை (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற அமைப்பு) வையுங்கள். சாதாரண மல்டிமீட்டர் அந்த அலைவெண்ணை ஒட்டிச் சரியாகக் காட்டும். 50 வாட்டுக்கு 14.1 வோல்ட். பழக்கும் நாட்களில் 7 வோல்ட்டோடு நிறுத்தினால் சுமார் 12 வாட்தான் போகும், அது போதும்.

சப்வூஃபருக்கு (ஆழ்ந்த பேஸுக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கர்) மட்டும் என் முடிவு மாறும். ஸ்பீக்கரை அளந்து அதற்கேற்பப் பெட்டி அடிப்பதாக இருந்தால் முதலில் டோனில் பழக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்பது ஸ்பைடரின் தடிமனைப் பொறுத்தது. கம்பெனித் தாளில் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஒரு மாதம் ஓடியபின் கதவு பேனலைக் கழற்றி ஸ்பீக்கர் ஸ்க்ரூக்களை ஒருமுறை இறுக்குங்கள். அடியில் வைத்த ஃபோம் அமுங்கியிருக்கும். ஈக்வலைசரைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.