கீழமாசி வீதித் தினையரிசி: எந்த மூட்டையில் கை வைக்கலாம்?

மதுரை கீழமாசி வீதி தானியக் கடைகளில் தினை என்று கேட்டால் மூன்று மூட்டைகளைக் காட்டுவார்கள்: உமியோடு இருக்கும் முழுத் தினை, தவிடு போகாத மங்கல் மஞ்சள் அரிசி, பாலிஷ் போட்டு வெளிறிப் பளபளக்கும் அரிசி. நடு மூட்டைக்குப் பத்துக்கு எட்டு கொடுக்கலாம். பாலிஷ் அரிசிக்கு ஐந்துதான். நார்ச்சத்தில் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. மிஞ்சுவது சீக்கிரம் குழையும் மாவுச்சத்து.

தவிடு நிற்கும் அரிசியிலும் ஒரு தொல்லை உண்டு. தவிட்டில் எண்ணெய் இருப்பதால், உமி நீக்கிய நாளிலிருந்தே காறல் ஏறத் தொடங்கும். பாக்கெட்டில் அடைத்த தேதியைப் பார்த்துப் பயனில்லை. உமி நீக்கிய தேதியைக் கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் ஒரு சிட்டிகை எடுத்து மெல்லுங்கள். நல்ல அரிசி லேசாக இனிக்கும். பழையது நாக்கின் அடியில் கசக்கும், சிக்கு வாடையும் வரும். மதுரைச் சித்திரை வெயிலில் இரண்டு மாதத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். ஒரு கிலோவுக்கு மேல் வாங்கவும் வேண்டாம். உமியோடு இருந்தால் ஒரு வருஷம் தாராளமாகத் தாங்கும். ஆனால் விதைக்கென்று விற்கும் தினையைச் சமையலுக்கோ லவ் பேர்ட்ஸுக்கோ வாங்கக் கூடாது. அதில் பூஞ்சாண மருந்து பூசியிருக்கலாம்.

மதிப்பெண் குறைவது சுத்தத்தில். ஆயிரம் மணி சேர்ந்தாலும் இரண்டு மூன்று கிராம்தான் எடை. அதே பருமனில் உள்ள குறுமணல் சல்லடையில் பிரியாது. அரிக்கஞ்சட்டியில் மூன்று தடவை அரித்து, அடியில் தங்கும் கடைசிக் கரண்டியைக் கொட்டிவிடுவதே வழி. அரித்த பிறகும் பல்லில் நெறுநெறுவென்று ஏதாவது பட்டால் அது கல்லாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காட்டுத் தினையின் விதையாகவும் இருக்கலாம். வெளிச்சத்தில் பார்த்தால் உமியில் குறுக்குக் குறுக்காகச் சுருக்கம் தெரியும். அது மஞ்சள் நரிவால் புல், தினைக்குப் பங்காளி. வெந்தாலும் அந்த உமி இளகாது.

இந்தப் பங்காளிக் கூட்டம் பெரியது. செட்டாரியா என்ற இந்தப் பேரினத்தில் உலகம் முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. தோட்டத்து ஓரங்களில் வேட்டியிலும் சேலையிலும் அப்பிக்கொள்ளும் புல் ஒன்று, ஆப்பிரிக்காவில் மாட்டுத் தீவனமாக வளர்க்கும் புல் இன்னொன்று. தினை, பச்சை நரிவால் புல்லிலிருந்து வடசீனாவில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் பயிரானது. காட்டுப் புல்லில் விதை முற்றியதும் தானே உதிர்ந்துவிடும், தினையில் கதிரிலேயே நிற்கும். அறுத்து வீட்டுக்குக் கொண்டுவர முடிவதே அதனால்தான்.

சீனா, கொரியா, ஜப்பானில் பசைபோல் ஒட்டும் தினை ரகங்கள் உண்டு. நம்மூர்த் தினை ஒட்டாத வகை. சமையலறையில் பாதிப் பிரச்சினைக்கு இதுதான் காரணம். உதிரியாக வேண்டிய உப்புமாவுக்கும் பிரியாணிக்கும் இது அருமை: ஒரு டம்ளர் அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் இரண்டு விசில். பத்து நிமிஷம் கழித்துத் திறந்து, முள்கரண்டியால் கிளறுங்கள். சூட்டோடு கரண்டி போட்டால் களியாகிவிடும். ஊறவைக்காவிட்டால் நடுவில் வெள்ளைப் புள்ளி வேகாமல் நிற்கும். பொங்கலுக்கு முக்கால் டம்ளர் தினை, கால் டம்ளர் பாசிப்பருப்பு, நாலு டம்ளர் தண்ணீர். கொழுக்கட்டைதான் வெடிக்கும். மூன்று பங்கு தினை மாவுக்கு ஒரு பங்கு பச்சரிசி மாவு சேர்த்து, கொதிக்கும் தண்ணீரில் பிசைந்தால் நிற்கும்.

மாவு பாக்கெட்டை மட்டும் தொடவே வேண்டாம். அரைத்ததும் தவிட்டு எண்ணெய் முழுக்கக் காற்றில் படுகிறது, அரிசியைவிட வேகமாகக் காறுகிறது. பழமுதிர்சோலை முருகனுக்குத் தேனும் தினைமாவும் என்று வாங்குபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். வேகவைக்காமல் பிசைவதால் கசப்பு அப்படியே தெரியும். தினையரிசியை வாசம் வரும்வரை வெறும் வாணலியில் வறுத்து, ஆறவிட்டு, வீட்டு மிக்ஸியிலேயே பொடித்துக்கொள்ளுங்கள். மில்லில் கொடுத்தால் முன்னால் அரைத்த மிளகாய்த்தூள் காரம் தேனோடு சேர்ந்து வரும்.