திருவனந்தபுரம் டு மான்செஸ்டர்: துபாய், தோகா, அபுதாபி, எந்த ஹப் யாருக்குச் சரிவரும்?

கருங்கல், மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு கிளம்புகிறார் என்றால் எந்த ஏர்போர்ட் என்று யாரும் கேட்பதில்லை. திருவனந்தபுரம்தான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது, 1932-லேயே வந்துவிட்ட அந்த விமான நிலையம் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். சென்னைக்குப் போக ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார வேண்டும், திருவனந்தபுரத்துக்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் போதும். அதனால் எங்கே ஏறுவது என்பதில் எங்களுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. நடுவில் எங்கே இறங்கி மாறுவது என்பதில்தான் யோசிக்க நிறைய இருக்கிறது.

நான் நர்ஸ். முதலில் தோகாவில் வேலை பார்த்தேன், அப்புறம் மான்செஸ்டர். மான்செஸ்டரில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு: எமிரேட்ஸ் (துபாய்), கத்தார் ஏர்வேஸ் (தோகா), எதிஹாட் (அபுதாபி) மூன்றும் அங்கே வருகின்றன, திருவனந்தபுரத்துக்கும் வருகின்றன. ஒரே பயணத்துக்கு மூன்று ஹப்கள், அதாவது நடுவில் விமானம் மாறுகிற பெரிய விமான நிலையங்கள், மோதிக்கொள்வதைப் பல வருடமாக மாறி மாறிப் பறந்து பார்த்துவிட்டேன். குழந்தையோடு போயிருக்கிறேன், தனியாகப் போயிருக்கிறேன், நடக்கக் கஷ்டப்படுகிற அம்மாவையும் அழைத்துப் போயிருக்கிறேன். ஊர்க்காரர்கள் போன் செய்து "எது வழியா போடணும் அக்கா" என்று கேட்கும்போது துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், இந்த வளைகுடா ஹப்கள் ஏன் நமக்கு இவ்வளவு பிடித்துப்போயின என்று பாருங்கள். டெல்லியோ மும்பையோ வழியாகத் திரும்பி வந்தால், இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்திலேயே பொதுவாக இமிகிரேஷன், லக்கேஜ் எடுப்பது, கஸ்டம்ஸ் எல்லாம் முடித்து, மறுபடி பெட்டியைப் போட்டு, உள்நாட்டு விமானத்துக்கு இன்னொரு செக்யூரிட்டி தாண்ட வேண்டும். பதினைந்து மணி நேரம் பறந்து வந்த உடம்போடு, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். துபாய் வழியாக வந்தால் மான்செஸ்டரில் போட்ட பெட்டி திருவனந்தபுரம் பெல்ட்டில் வந்து விழும், இமிகிரேஷனும் வீட்டுக்குப் பக்கத்தில் முடிந்துவிடும். நம் பெரிய விமான நிலையங்கள் கட்டடத்தில் குறைந்தவை இல்லை, டெல்லி மூன்றாம் டெர்மினல் 2010-லும் மும்பை இரண்டாம் டெர்மினல் 2014-லும் வந்தபோது உலகத் தரத்தில்தான் வந்தன. ஆனால் சிறிய ஊர்ப் பயணியை ஒரு விமானத்தில் இருந்து இன்னொரு விமானத்துக்குத் தொந்தரவில்லாமல் கடத்திவிடுகிற வேலையை வளைகுடாக்காரர்கள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார்கள். 2025 ஜூலையில் இண்டிகோ மும்பையில் இருந்து மான்செஸ்டருக்கு நேரடி விமானம் தொடங்கியபோது எங்கள் வார்டில் இருந்த வடநாட்டுப் பிள்ளைகள் துள்ளினார்கள். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் ஊருக்குப் போகும்போது எனக்கு மும்பையும் ஒரு மாறும் இடம்தானே.

எங்கள் விமானங்கள் ஏன் நடுராத்திரியிலும் விடியற்காலையிலுமே கிளம்புகின்றன என்று அப்பா சலித்துக்கொள்வார். ஹப் வேலை செய்வதே அப்படித்தான். இந்தியாவில் இருந்தும் அக்கம்பக்கத்து நாடுகளில் இருந்தும் விமானங்களை ஒரே நேரத்தில் அலை அலையாக இறக்கி, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஐரோப்பா, அமெரிக்கா விமானங்களில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அந்த அலையில் நம் விமானமும் சேர்ந்தால்தான் காத்திருப்பு குறையும். 1985-ல் தொடங்கிய எமிரேட்ஸ் இந்த முறையை வைத்துத்தான் வளர்ந்தது, 2014-ல் சர்வதேசப் பயணிகள் எண்ணிக்கையில் துபாய் ஹீத்ரோவையே முந்தியது, 2024-ல் 9 கோடியே 23 லட்சம் பேர் அதன் வழியாகப் போயிருக்கிறார்கள்.

தோகாவைப் பற்றி எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. பழைய விமான நிலையத்தையும் நான் பார்த்திருக்கிறேன். போர்டிங் பாஸை ஒரு கலர் உறையில் வைத்துத் தருவார்கள், மாறிப் போகிறவர்களுக்கு மஞ்சள், அங்கேயே இறங்குகிறவர்களுக்கு நீலம், அதைக் கையில் பிடித்துக்கொண்டு சரியான நிறுத்தத்தில் பஸ்ஸில் இருந்து இறங்க வேண்டும். 2014-ல் ஹமத் விமான நிலையம் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. ஒரே கூரைக்குக் கீழ் எல்லா கேட்டும், தூரமான கேட்டுக்கு உள்ளேயே ரயில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அமைதி அறைகள், சாய்ந்து படுக்க நாற்காலி. பெரிய மஞ்சள் கரடிச் சிலையைக் குழந்தைகள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதன் உண்மையான உபயோகம், "கரடிகிட்ட நில்லு, வந்துடறேன்" என்று சொன்னால் யாரும் தொலைந்து போக மாட்டார்கள் என்பதுதான். தனியாகப் பயணம் செய்கிற பெண்ணுக்கு அந்தப் பெண்கள் அமைதி அறை எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கைப்பையைத் தலைக்கு வைத்து ஒரு மணி நேரம் பயமில்லாமல் கண் மூடலாம்.

துபாயின் பலம் வேறு. எண்ணிக்கை. ஒரு விமானம் போய்விட்டால் அடுத்தது எங்கேயாவது இருக்கும், உலகத்தில் அவர்கள் போகாத பெரிய ஊர் குறைவு. மான்செஸ்டருக்கு ஏ380 விடுகிறார்கள், அந்தப் பெரிய விமானத்துக்கென்றே 2013-ல் ஒரு கான்கோர்ஸ் (கேட்கள் இருக்கும் தனிக் கட்டடம்) கட்டினார்கள். ஆனால் இடம் பெரிது, அதனால் மாறும்போது ரயில், லிஃப்ட், நடை என்று நேரம் எடுக்கும். துபாயின் இன்னொரு விமானக் கம்பெனியான ஃபிளைதுபாய் டிக்கெட் சேர்ந்து வந்தால் எந்த டெர்மினல் என்று கட்டாயம் பாருங்கள், இரண்டாம் டெர்மினல் ஓடுபாதைக்கு மறுபக்கம், அங்கிருந்து மூன்றாம் டெர்மினலுக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும். காலில் பலம் உள்ள இளைஞர்களுக்கு துபாய் நல்ல தேர்வு, கடைகள் பார்த்துக்கொண்டே நேரம் போய்விடும். இப்போது துபாயின் இன்னொரு விமான நிலையமான அல் மக்தூமில் ஐந்து ஓடுபாதை, 400 கேட், ஆண்டுக்கு 26 கோடிப் பயணிகள் என்று கட்டப் போவதாக 2024-ல் அறிவித்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, அங்கே ஒரு அறுபது வயதுக்காரர் ஒரு கேட்டில் இருந்து இன்னொரு கேட்டுக்கு எவ்வளவு நேரம் நடப்பார் என்பதுதான்.

அபுதாபிதான் இந்தப் போட்டியால் அதிகம் முன்னேறியது என்பேன். 2023 நவம்பரில் புதிய டெர்மினல் ஏ திறந்தார்கள், மறு வருடம் சாயித் சர்வதேச விமான நிலையம் என்று பெயர் வைத்தார்கள். பழைய டெர்மினல்களோடு ஒப்பிட்டால் காற்றும் வெளிச்சமும் இடமும் தாராளம். அமெரிக்கா போகிறவர்களுக்கு அங்கே இன்னொரு பெரிய லாபம்: அமெரிக்க இமிகிரேஷனை அபுதாபியிலேயே முடித்துவிடலாம், அந்தப் பக்கம் இறங்கும்போது உள்நாட்டுப் பயணி மாதிரி வெளியே நடந்து போகலாம். நியூயார்க்கில் மகன் வீட்டுக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

அக்கா சிங்கப்பூரில் இருப்பதால் அங்குள்ள சாங்கி விமான நிலையத்தையும் நன்றாகப் பழகிவிட்டேன், திருவனந்தபுரத்தில் இருந்து ஸ்கூட் விமானத்தில் நேராகப் போய்விடலாம். அங்கே 2019-ல் திறந்த ஜுவல் வளாகத்தில் 40 மீட்டர் உயரத்தில் இருந்து தண்ணீர் கொட்டுவதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அது இல்லை. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருக்கும் டிரான்ஸிட் பயணிகளை, உள்ளே நுழையும் தகுதி இருந்தால், இலவசமாக ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போகிறார்கள் பாருங்கள், அது. காத்திருக்கிறவரை இடைஞ்சலாக நினைக்காமல் விருந்தாளியாக நினைக்கிற மனசு அதில் தெரிகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை, அங்கே முதல் மூன்று டெர்மினல்களிலும் செக்யூரிட்டி கேட் வாசலில்தான், அதனால் உள்ளே நிரப்பிய தண்ணீர் பாட்டிலை அங்கே காலி செய்துவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

அம்மாவுக்குப் பிடித்த ஹப் எது தெரியுமா? கொழும்பு. அங்கே பலகைகளில் தமிழ் இருக்கிறது, எங்கே போக வேண்டும் என்று யாரையும் கேட்காமல் அவரே வாசித்துக்கொண்டு முன்னால் நடந்தார். வளைகுடாவில் அரபியும் ஆங்கிலமும்தான், ஆனால் எங்கள் விளவங்கோடு பக்கத்து ஆட்களுக்கு மலையாளம் தாய்மொழி மாதிரி, அதனால் வீல்சேர் தள்ளுகிற பையனிடம் "மோனே, வெள்ளம் கிட்டுமோ" (மகனே, தண்ணீர் கிடைக்குமா) என்று கேட்டு அம்மா சமாளித்துவிடுவார். இப்படி மொழி தெரிந்த ஊழியர்கள் இருப்பதை எந்த விருதுக் கமிட்டியும் மதிப்பெண்ணில் சேர்க்கிறதா என்று எனக்குச் சந்தேகம். உலகின் சிறந்த விமான நிலையம் என்று சாங்கியும் ஹமத்தும் மாறி மாறி ஸ்கைட்ராக்ஸ் விருது வாங்குகின்றன, அது அவர்கள் உழைப்புக்குக் கிடைத்தது. ஆனால் ஒரு ஹப் நல்லதா இல்லையா என்று நான் பார்ப்பது ராத்திரி இரண்டு மணிக்கு: கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, கைப்பிடி இல்லாத, படுக்கக்கூடிய இருக்கை இருக்கிறதா, குடிதண்ணீர் காசில்லாமல் கிடைக்கிறதா, கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறாரா. தோட்டமும் தங்கமும் அதற்கு அப்புறம்தான்.

வீல்சேர் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு ஹப்பில் அம்மாவை ஒரு காத்திருப்பு இடத்தில் உட்கார வைத்துவிட்டு, அடுத்த ஊழியர் வருவார் என்று சொல்லிப் போனவர்கள் வெகு நேரம் வரவில்லை. சர்க்கரை நோயாளி, மாத்திரை நேரம், கழிப்பறைக்குப் போகக்கூட எழுந்தால் இடம் போய்விடுமோ என்ற பயம். நான் அப்போது மான்செஸ்டரில் டியூட்டியில், போனில் அழுகையைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அன்றில் இருந்து பெரியவர்களைத் தனியாக அனுப்பினால் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி, கையில் பிஸ்கட், மாத்திரை, ஆங்கிலத்தில் எழுதிய ஒரு அட்டை. வீல்சேரை டிக்கெட் போடும்போதே பதிவு செய்துவிடுங்கள், கவுண்டரில் போய்க் கேட்கலாம் என்று விடாதீர்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியவில்லை. பிரிட்டனில் இருந்து கிளம்பும் பயணம் என்றால், விமானம் எந்த நாட்டுக் கம்பெனியாக இருந்தாலும், முதல் விமானம் தாமதமாகி ஹப்பில் கனெக்‌ஷன் போய், ஊருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால், காரணம் கம்பெனி தரப்பில் இருக்கும்பட்சத்தில் 520 பவுண்ட் இழப்பீடு கேட்கலாம், ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும். 2017-ல் அங்கே அப்பீல் நீதிமன்றமே அதை உறுதி செய்துவிட்டது. ஆனால் திருவனந்தபுரத்தில் இருந்து வளைகுடா கம்பெனியில் திரும்பி வரும்போது இந்தச் சட்டம் கிடையாது. எனக்கு அப்படி ஒரு முறை திரும்பும் வழியில் கனெக்‌ஷன் போயிற்று. கிடைத்தது ஒரு சாப்பாட்டுச் சீட்டு மட்டும். ஒரே பாதை, ஒரே பணம், ஒரே பயணி, கிளம்பும் ஊரைப் பொறுத்து மரியாதை மாறுகிறது என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஹப் என்றால் எல்லா முட்டையும் ஒரே கூடையில் என்பதையும் மறக்கக் கூடாது. 2024 ஏப்ரலில் பெய்த மழையில் துபாய் தவித்தது, 2025 மார்ச்சில் ஒரு துணை மின்நிலையத் தீயால் ஹீத்ரோ ஏறக்குறைய ஒரு நாள் மூடப்பட்டது, அதே வருடம் ஜூனில் கத்தார் வான்வெளி சில மணி நேரம் மூடியதும் உலகம் முழுக்கப் பயணிகள் மாட்டினார்கள். அவசர வேலை, துக்க வீடு என்று போகும்போது, எந்த ஹப் வழியாக அன்றைக்கே இன்னொரு விமானம் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

இவ்வளவு போட்டி இருந்தும் கிறிஸ்துமஸ் சமயத்தில் கட்டணம் ஏன் கண்ணைக் கட்டுகிறது? இருக்கைகளின் எண்ணிக்கையை இரண்டு நாட்டு அரசுகள் பேசித்தான் முடிவு செய்கின்றன. துபாய்க்கு ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கை என்று 2014-ல் முடிவானது, அபுதாபிக்கு 50,000 என்று 2013-ல். ஊருக்கு வர நினைக்கிற கூட்டம் கூடிக்கொண்டே போகிறது, அளவு அப்படி வளரவில்லை. நம் நாட்டு விமானக் கம்பெனிகள் வளர வேண்டும் என்ற காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் செலவைத் தூத்தூரில் இருந்தும் இனயத்தில் இருந்தும் வளைகுடாவுக்குப் படகு வேலைக்குப் போகிற மீனவர் சுமக்கிறார், அவருக்கு டெல்லி ஹப்பால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

நம் முனையில் போட்டி இல்லாததும் சேர்கிறது. திருவனந்தபுரத்தில் பயனர் கட்டணம் 2024 ஜூலையில் வெளிநாடு கிளம்புகிறவருக்கு 1,069 ரூபாயில் இருந்து 1,540 ஆனது, பிடிக்கவில்லை என்று வேறு இடம் போக எங்களுக்கு வழியில்லை. சாலை கொஞ்சம் பரவாயில்லை, களியக்காவிளை தாண்டி காரோட்டில் பைபாஸில் ஏறினால் பாலராமபுரம் நெரிசலைத் தவிர்த்து நேராகச் சாக்கை டெர்மினல் வாசலுக்கே போய்விடலாம். வருடத்தில் இரண்டு நாள், பங்குனி ஆராட்டும் ஐப்பசி ஆராட்டும், பத்மநாபசுவாமி ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும், சாயங்காலம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் விமானம் கிடையாது. அந்த நாளை மட்டும் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

அம்மாவுக்கு அடுத்த பயணம் தோகா வழியாகப் போட்டிருக்கிறேன், கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் ஒரே கூரை, நிதானமான இடைவெளி, முந்திரிக்கொத்தும் நெத்திலிக் கருவாடும் கொண்டுவர அவருக்கு வேண்டிய கிலோவும் கிடைத்தது. அப்புறம் தூத்துக்குடி. வாகைக்குளத்தில் 2025-ல் புது டெர்மினல் திறந்தாயிற்று, ஓடுபாதை 3,115 மீட்டர். நாகர்கோவில், ஆரல்வாய்மொழி ஆட்களுக்குக் காவல்கிணறு தாண்டினால் நாலுவழிச் சாலை. அங்கே இமிகிரேஷன் கவுண்டர் திறந்து ஷார்ஜாவுக்கோ மஸ்கட்டுக்கோ வாரத்தில் சில நாள் ஒரு விமானம் விட்டால்கூட, ஏறும் இடத்திலும் எங்களுக்கு ஒரு தேர்வு வந்துவிடும். எங்கள் எம்.பி. அலுவலகத்துக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.