சின்ன வேலைக்கு உள்ளூர் ஆட்கள்: தீ பயத்தோடு பார்த்த என் பல வருட அனுபவம்

எங்கள் வீடு மதுரையில் இருக்கிறது, 1990களில் கட்டியது. புது பிளக் பாயின்ட், ஜன்னல் கிரில், அலமாரிக்கு மைக்கா என்று ஏதாவது ஒரு சில்லறை வேலை வந்துகொண்டே இருக்கும். ஆப்பில் புக் செய்தும் பார்த்தேன், பக்கத்துத் தெரு ஆட்களையும் கூப்பிட்டுப் பார்த்தேன். ஆப்பில் நேரத்துக்கு வருகிறார்கள், பில் தருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். நம் வீட்டு லைன் எங்கே எப்படிப் போகிறது என்று அவருக்கு எதுவும் தெரியாது. ராத்திரி மெயின் விழுந்தால் ஓடி வருவது எலெக்ட்ரிக்கல் கடைக்காரர் நம்பர் கொடுத்த அண்ணன்தான். என் ஓட்டு உள்ளூர் ஆட்களுக்கே. ஆனால் கூலியையும் கைநேர்த்தியையும் விட, அவர் செய்துவிட்டுப் போகும் வேலையில் தீ பிடிக்க வழி இருக்கிறதா என்றுதான் இப்போது முதலில் பார்க்கிறேன்.

ஏசி பாயின்ட் வைக்க இரண்டு பேரைக் கூப்பிட்டேன். முதலில் வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்து பிளக்கிலிருந்தே இழுத்துவிடலாம், ஒரு மணி நேர வேலை என்றார். இரண்டாவதாக வந்தவர் நேராகப் போய், வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் டிபி பாக்ஸைத் திறந்தார். “ஏம்மா, இந்த லைன்ல வேற என்னென்ன ஓடுது?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு வேலை கொடுத்தேன். லைட், ஃபேனுக்கு ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) வயர் போதும். 16 ஆம்பியர் பிளக்குக்கு ரெண்டரை ஸ்கொயர் வேண்டும். ஏசிக்கு நாலு ஸ்கொயர், அதுவும் டிபியிலிருந்து தனியாக, தனி எம்சிபியோடு (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்). அப்படித்தான் இழுத்தார். கூலியும் வயர் செலவும் முதல் ஆள் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. அக்னி நட்சத்திரத்தில் ராத்திரி முழுக்க ஏசி ஓடும்போது அந்தப் பணம் எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

எனக்கு அதிகம் கோபம் வருவது ஒரு பழக்கத்தின் மேல். எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று கூப்பிட்டால், “இது வீக்கா இருக்கு” என்று 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். என் சொந்தக்காரர் வீட்டில் அப்படித்தான் நடந்தது. எம்சிபி விழுந்ததே, அந்த வயர் தாங்காத கரண்ட் போகிறது என்று சொல்லத்தான். பெரியதைப் போட்டுவிட்டால் எம்சிபி பேசாமல் இருக்கும், சுவருக்குள் வயர் சூடாகும். பழைய வீடுகளில் பீஸ் கட்டையில் தடித்த கம்பியை முறுக்கிப் போடுவார்களே, அதே வேலைதான் இது.

எம்சிபி சரியாக இருந்தாலும் பிடிபடாத ஒன்று லூஸ் கனெக்‌ஷன். ஸ்க்ரூ சரியாக இறுகாத இடத்தில் கரண்ட் அளவு கூடாது, ஆனால் அந்த ஒரு புள்ளி மட்டும் கொதிக்கும். எம்சிபிக்கு அது தெரியாது. கரண்ட் கசிந்தால் விழும் ஆர்சிசிபிக்கும் தெரியாது, ஏனென்றால் இங்கே கரண்ட் எங்கும் கசியவில்லை. நம் கையும் மூக்கும்தான் காட்டிக்கொடுக்கும். எங்கள் சமையலறை பிளக்கிலிருந்து ஒருநாள் மீன் கவிச்சி மாதிரி வாடை வந்தது. திறந்து பார்த்தால் நியூட்ரல் பக்கம் பழுப்பேறி இருந்தது. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அதை கன்வர்ட்டர் வைத்து 6 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் இதுதான் கதி. அதற்கப்புறம் எந்த எலெக்ட்ரீஷியன் வந்தாலும், கிளம்பும் முன் தொட்ட எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு தடவை இறுக்கச் சொல்கிறேன். ஃபால்ஸ் சீலிங்குக்குள் வெறும் டேப் சுற்றிய ஜாயின்ட் கூடாது, ஜங்ஷன் பாக்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்பதையும் கூலி பேசும்போதே சொல்லிவிடுகிறேன். நல்ல தொழில்காரர் யாரும் இதற்கு முகம் சுளித்ததில்லை.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டதும் அடிக்கடி விழுந்துகொண்டே இருந்தது. பார்க்க வந்த ஒரு பையன், “டைரக்ட் பண்ணிடறேன்க்கா” என்றான், அதாவது ஆர்சிசிபியே இல்லாமல் நேராக இணைத்துவிடுவது. வேண்டாம் தம்பி என்று அனுப்பிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். இன்வெர்ட்டர் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் பழைய வயரிங்கில் ஓரிடத்தில் கலந்திருந்தன. கண்டுபிடித்துப் பிரிக்க அவருக்கு முழு நாள் ஆனது. அரசு தரும் வயர்மேன் சான்றிதழ் வைத்திருப்பவர் அவர். புது ஆள் யார் வந்தாலும் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

வெல்டிங் வேலைக்கு என் விதி வேறு. கிரில்லைப் பட்டறையிலேயே முழுதாகப் பற்றவைத்துக் கொண்டுவர வேண்டும், வீட்டில் போல்ட் போட்டு மாட்டுவது மட்டும்தான். தவிர்க்க முடியாமல் வீட்டில் பற்றவைக்க வேண்டி வந்தால் திரை, மெத்தை, சோஃபா எல்லாம் வெளியே போய்விட வேண்டும், நகராத சாமான் மேல் ஈரச் சாக்கு, பக்கத்தில் வாளித் தண்ணீர். பொறி எவ்வளவு தூரம் தெறிக்கும் என்பதை நாம் குறைத்தே நினைக்கிறோம். அமெரிக்கத் தீத்தடுப்பு அமைப்பான என்எஃப்பிஏவின் 51பி விதி, சுற்றி 35 அடிக்குள், அதாவது 11 மீட்டருக்குள், எரியும் பொருள் இருக்கக் கூடாது என்கிறது. வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் கண்காணிக்கச் சொல்கிறது. பஞ்சுக்குள் விழுந்த பொறி உடனே எரியாது, ஆட்கள் டீ குடிக்கப் போன பிறகுதான் புகையும். அதனால் வெல்டர் கிளம்பிய பிறகும் வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் எங்கும் போவதில்லை. மீட்டரிலிருந்து நேராகக் கொக்கி போட்டு மெஷின் ஓட்டுகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுவேன்.

மைக்கா ஒட்டும் பசை, தின்னர், பாலிஷ் இவை வாடையே பற்றிக்கொள்ளும் சரக்கு. ஆசாரி வேலை நடக்கும் நாட்களில் ஜன்னலெல்லாம் திறந்திருக்கும், சாயங்காலம் பூஜை விளக்கு ஏற்றுவதில்லை. மாமியாருக்கு முதலில் வருத்தம்தான், காரணம் சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

கேஸில் மட்டும் உள்ளூர் ஆட்களை நான் நம்புவதில்லை. தெருவில் கூவி வருபவர் பர்னரைச் சுத்தம் செய்து தரட்டும், ஹோஸிலும் ரெகுலேட்டரிலும் கை வைக்க விடமாட்டேன். அதற்கு ஏஜென்சி மெக்கானிக்தான். ஆரஞ்சு நிற சுரக்‌ஷா ஹோஸை 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கேஸ் கசிந்தால் தரையோடு தங்கும். எந்த ஸ்விட்சையும் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து, கேஸ் கசிவுக்கான 1906க்குக் கூப்பிடுங்கள். தீயணைப்புத் துறைக்கு 101.

சமையலறை வாசல் பக்கம் தீயை அணைக்க ஒரு 2 கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர் மாட்டியிருக்கிறேன். அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள், எரியும்போது எடுக்க முடியாது. முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கிறேன். வீட்டுக்கு வேலைக்கு வருபவர்களுக்கும் அது இருக்கும் இடத்தையும் மெயின் ஸ்விட்ச் இருக்கும் இடத்தையும் முதலில் காட்டிவிடுகிறேன். போன மாதம் வந்த பெயிண்டர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று விசாரித்து நம்பர் வாங்கிக்கொண்டு போனார்.