கொறங்காட்டு ஊரில் திரையிட எந்தப் படம்?

வேலி கட்டிய மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்போம்; அது சூழ்ந்த, காங்கேயத்தை ஒட்டிய எங்கள் ஊரில், கோடை விடுமுறையில் ஓர் இரவு நூலக வாசலில் திரை கட்டிப் படம் போடுவோம். இந்த முறை, வேறு நாட்டு மக்களின் வழக்கங்களைக் காட்டும் சாகசப் படம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான்கு படங்களைப் பார்த்து வைத்தேன். போடப்போவது ஒன்றுதான்.

முதலில் கழித்தது, 1984-இல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்'. சுரங்க வண்டித் துரத்தலை இன்றும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்கிறேன். ஆனால் கதை நடக்கும் இந்தியா எந்த இந்தியா? இங்கே அனுமதி கிடைக்காமல் இலங்கையில் எடுத்த படம் அது. அரண்மனை விருந்தில் குரங்கு மூளையைப் பரிமாறுகிறார்கள். காளியை நரபலி கேட்கும் தெய்வமாக நிறுத்துகிறார்கள். காளியம்மனுக்கு மாவிளக்கு எடுக்கும் வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து இதைக் காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

'மோனா' (2016) அப்படியல்ல. பசிபிக் தீவுகளின் அறிஞர்களைக் கலந்து எடுத்தார்கள். மறு ஆண்டே மாவோரி மொழியிலும் வந்தது. கடலில் வழி அறிய, கையை நீட்டி விரல்களால் விண்மீனின் உயரத்தை அளக்கும் காட்சி கற்பனையல்ல. 1976-இல் ஹொகுலேயா என்ற இரட்டைத் தோணி, கருவி எதுவும் இல்லாமல் ஹவாயிலிருந்து தஹிதி வரை போனது; மாவ் பியாய்லுக் என்ற மாலுமி விண்மீனையும் அலையையும் பார்த்தே வழிகாட்டினார். என் குறை வேறு. பல தீவுகளின் வழக்கங்களை எடுத்து, இல்லாத ஒரு தீவில் கொட்டிவிட்டார்கள். நம் கொங்குநாட்டுப் பெருஞ்சலங்கையாட்டத்தையும் நெல்லைக் கணியான் கூத்தையும் ஒரே ஊரின் வழக்கம் என்று காட்டினால் நமக்கு எப்படி இருக்கும்?

மிஞ்சிய இரண்டுக்குள்தான் உண்மையான போட்டி.

'அடனார்ஜுவாட்' (2001), கனடாவின் வடகோடி இக்லூலிக்கில் இனுயிட் மக்களே தங்கள் மொழியில் எடுத்த படம். இயக்கியவர் சக்கரியாஸ் குனுக். கான் விழாவில் முதல் பட இயக்குநருக்கான கேமரா டோர் விருது கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த கதை. இருவர் மாறி மாறி நெற்றிப் பொட்டில் குத்திக்கொண்டு பலம் பார்க்கிறார்கள். உயிருக்குத் தப்பியவன் உடுதுணி இல்லாமல் வெறுங்காலோடு கடற்பனி மேல் ஓடுகிறான். எதையும் நமக்காக நின்று விளக்குவதில்லை. அந்தத் தன்மானம் எனக்கு மிகவும் பிடித்தது. யார் சொல்கிறார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் நான்கில் இதுவே முதலிடம். ஆனால் ஏறத்தாழ மூன்று மணி நேரம். சிறுபிள்ளைகள் பார்க்கக் கூடாத வன்முறையும் உண்டு. பெரியவர்களுக்குத் தனியாக ஒருநாள் போடவேண்டிய படம்.

'ஹிமாலயா' (1999) எடுத்தவர் எரிக் வல்லி என்ற பிரெஞ்சுக்காரர். புகைப்படக்காரர் என்பதால் சில காட்சிகள் அளவுக்கு மீறி அழகாக இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேபாளத்தின் டோல்போ மலைநாட்டில் பல ஆண்டுகள் பழகியவர். நடித்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள். யாக் எருதுகள் மேல் உப்பு மூட்டைகளை ஏற்றி, மலை கடந்து போய்த் தானியத்துக்கு மாற்றி வருவதுதான் படத்தில் அவர்கள் பிழைப்பு. சங்கப் பாட்டில் வண்டி கட்டி உப்பை நெல்லுக்கு மாற்றிய உமணர்கள் என் கண்முன் வந்தார்கள்.

மகனைப் பறிகொடுத்த கிழத்தலைவர் தின்லே ஒரு பக்கம். குறித்த நாளுக்குக் காத்திராமல் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும் கர்மா மறுபக்கம். கிழவர் முரடர், பல இடங்களில் தவறும் செய்கிறார். இளைஞன் கெட்டவன் அல்ல. வழக்கத்தைக் கும்பிடவும் சொல்லாமல், தூக்கி எறியவும் சொல்லாமல், அதற்குள் வாழ்கிறவர்கள் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று காட்டும் படம் இது ஒன்றே. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு இராத்திரியோடு இராத்திரியாகக் காளைகளை நடத்திக்கொண்டு போன எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா), உடம்பில் மயிர்ச்சுழி பார்க்காமல் ஒரு கன்றும் வாங்கமாட்டார். துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார். கறவைதான் கட்டுப்படியாகும் என்று அப்பா சொன்னதற்கு இருவரும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். கிளுவை வேலிக்குள் மாடு மேய்த்த எந்த வீட்டிலும் இந்தக் கதை இருக்கும்.

போன வாரம் ஆத்தாவோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். வானிலை அறிய, தின்லே நெருப்பில் உப்பைப் போட்டுக் கவனிக்கும் காட்சி வந்தது. கண்ணேறு கழித்து அடுப்பில் உப்பும் மிளகாயும் போட்டுவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவர் ஆத்தா. திரையை நோக்கிச் சாய்ந்து, "வெடித்ததா கண்ணு?" என்று கேட்டார்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு 'ஹிமாலயா'. வசனத்தை நான் ஒலிபெருக்கியில் தமிழில் சொல்வேன். ஆத்தாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டாகிவிட்டது.