டாங்கி டிராக்: சைக்கிள் செயினா, டயரா, டைமிங் பெல்ட்டா?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு செம்மண் மேடு இருக்கிறது. மத்தியான மழை பெய்துவிட்டால் சக்கரம் வைத்த எதுவும் அதில் ஏறாது. அதில் ஏறுவதற்கென்றே அக்கா மகனும் நானும் 40 செண்டிமீட்டர் நீளத்தில் ஒரு டிராக் வண்டி செய்தோம். டாங்கியில் சக்கரங்களைச் சுற்றி ஓடும் வளையம்தான் டிராக். அதற்கு மூன்று பொருள்களைப் போட்டுப் பார்த்தோம்.

முதலில் காரின் டைமிங் பெல்ட். பழைய புரோட்டான் சாகா, பெரோடுவா கஞ்சில் கார்களில் கழற்றியது பட்டறையில் சும்மாவே கிடைக்கும். (மைவி காரில் தேட வேண்டாம், அதில் பெல்ட்டுக்குப் பதில் இருப்பது செயின்.) உட்பக்கம் பல் இருப்பதால் வழுக்காது. ஆனால் அகலம் இரண்டு விரல்கூட இல்லை. ஈர மண்ணைக் கத்தி மாதிரி கிழித்துக்கொண்டு இறங்கிவிட்டது. சிமெண்டுத் தரைக்குச் சரி.

டயர் எனக்கு ரொம்பப் பிடித்தது. குழந்தைகளின் 12 அங்குல சைக்கிள் டயரில், ஓரத்துக் கம்பியை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தால் ஒட்டே இல்லாத வளையம் கிடைக்கும். சுற்றளவு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சிக்கல் திரும்பும்போதுதான். டிராக் வண்டி ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டித் திரும்புவதால், டிராக் மண்ணில் குறுக்காக இழுபடும். வழிகாட்டும் பல் இல்லாத டயர் உடனே கழன்றுவிடும். நடுவில் வரிசையாக போல்ட் முடுக்கி, அவை இரட்டைச் சக்கரங்களின் இடைவெளியில் ஓடும்படி வைத்தோம். நிஜ டாங்கியிலும் இப்படித்தான் பல் இருக்கும். கழல்வது நின்றது. ஆனால் உள்ளே சேறு புகுந்தால் சக்கரம் மட்டும் சுற்றுகிறது, டயர் நகர்வதில்லை.

செயினில் அந்தத் தொல்லை இல்லை, பல்சக்கரம் கண்ணியைக் கவ்விக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு இரண்டு செயின், குறுக்கே பட்டையான மரத்துண்டுகள். கண்ணிக்கு அரை அங்குலம். நாங்கள் வளையத்துக்கு 74 கண்ணி வைத்தோம். உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். பட்டைகளை முடுக்கத் துளை போடலாமென்றால், செயின் தகடு கெட்டியானது, எங்கள் டிரில் முனைதான் மழுங்கியது. அதனால் வெளிக்கண்ணி ஒவ்வொன்றிலும் சின்ன நட்டு வைத்து வெல்டிங் செய்தோம். வண்டி முழுக்க 148 நட்டு! பின்சக்கரப் பல்சக்கரத்தைப் பயன்படுத்தினால் அதன் ஃப்ரீவீலையும் வெல்டிங் வைத்து இறுக்குங்கள், இல்லாவிட்டால் ரிவர்ஸில் சும்மா சுற்றும்.

பழைய செயின் வாங்குகிறவர்கள் ஸ்கேலோடு போங்கள். புதுச் செயினில் 24 கண்ணி 305 மில்லிமீட்டர் இருக்கும். ஒன்று தேய்ந்து 308 ஆகி, ஜோடி மட்டும் புதிதாக இருந்தால், முழு வளையத்தில் வித்தியாசம் 9 மில்லிமீட்டர். பட்டைகள் கோணிக்கொண்டு வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். எங்களுக்கு அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போனது.

வெல்டிங் வசதி இருந்தால் சேற்றுக்குச் செயின்தான். பிள்ளைகள் முதன்முதலாகச் செய்வதென்றால் டயரில் தொடங்கட்டும், கத்தியும் ஸ்பேனரும் போதும். எதைப் போட்டாலும், மண்ணில் படியும் டிராக்கின் நீளம் இரண்டு டிராக்குகளின் இடைவெளியைப் போல் ஒன்றரை மடங்குக்குள் இருக்கட்டும். அதற்குமேல் நீண்டால் திரும்பத் திணறும்.