பென்சன் பிளான் எண்டு சொல்லி விக்கினம், எத்தினை வயசு வரைக்கும் எண்டு பாத்து வாங்குங்கோ (திருகோணமலை)

ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு கைக்கு வந்த ஆக்கள், வரப்போற ஆக்கள் கட்டாயம் வாசியுங்கோ. பெரிய இன்சூரன்ஸ் கொம்பனி ஒண்டு, எங்கட டவுனிலயும் பிராஞ்ச் இருக்கு, பேர் போடேல்ல.

அப்பா சீனக்குடாப் பக்கம் பிரைவேட்டில வேலை செய்து 2014ல 60 வயசில ரிட்டயர் ஆனவர். அரசாங்க வேலை எண்டா சாகும் வரைக்கும் பென்சன், அதுக்குப் பிறகு மனுசிக்கும் வரும். பிரைவேட்டில சம்பளத்தில எங்கட 8 வீதமும் முதலாளிட 12 வீதமும் ஈபிஎஃப்பில சேர்ந்து ஒரே தடவையா கைக்கு வரும், மிச்சக் காலம் முழுக்க அதை வச்சு நாங்களே சமாளிக்கோணும். ஏஜென்ட்மார் வீடு தேடி வாறதும் அந்த நேரம்தான்.

அப்பிடி வந்த ஒரு ஏஜென்ட், "அங்கிள், 20 லட்சம் போடுங்கோ, கவர்மெண்ட் பென்சன் மாதிரி மாசம் 24,000 வரும்" எண்டார். "கடைசி வரைக்குமோ தம்பி?" எண்டு அப்பா கேட்டவர், "ஓம் அங்கிள், கடைசி வரைக்கும்" எண்டு அம்மாக்கு முன்னாலயே சொன்னவர்.

அதை நம்பி அப்பா 20 லட்சத்தைப் போட்டவர், மாசாமாசம் 24,000 வந்தது. 2024ல காசு நிண்டுட்டுது. பிராஞ்சுக்குப் போனா கவுண்டரில இருந்த பிள்ளை பொலிசியைப் புரட்டி ஒரு அட்டவணையைக் காட்டினா, முழுக்க இங்கிலீஷ். வயசு 60 இல தொடங்கி வரிவரியா இறங்கி 70க்கு முன்னால முடியுது, அதுக்குக் கீழ ஒண்டுமில்லை. மேல 24,000ஐச் சுத்தி அந்த ஏஜென்ட் நீலப் பேனையால வட்டம் போட்டிருக்கிறார், கடைசி வரியில பேனை படவே இல்லை. ஆள் எப்பவோ கொம்பனியை விட்டுப் போட்டாராம், அப்பாட கையெழுத்து இருக்கு, நாங்கள் ஒண்டும் செய்யேலாது எண்டு சொல்லிப்போட்டினம்.

இதில உள்ள விசயத்தை விளங்கிக்கொள்ளுங்கோ. உண்மையான ஆயுள்காலப் பென்சன் எண்டா கனபேரிட காசு ஒண்டாச் சேருது, வேளைக்குப் போற ஆக்களிட மிச்சத்தில கனகாலம் இருக்கிற ஆக்களுக்குப் போகுது, நீங்கள் 95 வரைக்கும் இருந்தாலும் கொம்பனி தந்துதான் ஆகோணும், நெடுநாள் இருக்கிற ரிஸ்க் அவையிட தலையில. அதாலதான் அதில மாசக்காசு குறைவா இருக்கும். அப்பாக்கு வித்தது அது இல்லை, அவரிட காசையே பத்து வருசத்துக்குத் துண்டு போட்டு வட்டியோட திருப்பிக் குடுத்திருக்கினம். 20 லட்சத்துக்கு 8 வீதம் எண்டு வச்சாலும் வட்டி மாசம் 13,300 சொச்சம்தான், அப்ப 24,000 வந்தா மிச்சம் பத்தாயிரத்துச் சொச்சம் அப்பாட முதல், போகப்போக முதல்தான் கூடக் கரைஞ்சது. கூடத் தாறம் எண்டு யாராவது சொன்னா முதல்ல இதைப் பாருங்கோ.

அதோட அந்த 24,000 பத்து வருசமும் ஒரு ரூபா கூடேல்ல, 2022ல விலைவாசி ஒரு வருசத்தில 70 வீதம் கிட்ட ஏறின நேரமும் அதே 24,000. 2015ல 60 தாண்டின ஆக்களுக்கு பேங்க்கில 10 லட்சம் வரைக்கும் 15 வீத வட்டி குடுத்தவை, காசு உள்ள மாட்டியிருந்ததால அப்பாவுக்கு அதுவும் இல்லை. நினைக்க நினைக்க வயிறு எரியுது.

மேனேஜர் சொல்லுறார், நாட்டில சராசரி ஆயுள் எழுபத்துச் சொச்சம்தானே, பத்து வருசம் காணும் எண்டு நினைச்சிருப்பீங்கள் எண்டு. அந்தச் சராசரியில பிறந்த உடன சாகிற பிள்ளையளும் இளவயசில போற ஆக்களும் சேர்த்தி, 60ஐத் தாண்டின ஆக்கள் சராசரியா அதை விடக் கனகாலம் இருப்பினம். எங்கட அப்பம்மா 94 வரைக்கும் இருந்தவ! அப்பா இப்பவும் காலமை சைக்கிள்ல மார்க்கெட்டுக்குப் போட்டு வாறார், கடவுளே எண்டு நல்லா இருக்கிறார், அவருக்கு இன்னும் இருபது வருசத்துக்குக் காசு வேணும்.

ஏஜென்ட் வந்தா எவ்வளவு வரும் எண்டு கேக்கிறதுக்கு முதல் எந்த வயசில நிக்கும் எண்டு கேளுங்கோ, நான் போனா மனுசிக்கு வருமோ, வருசாவருசம் கூடுமோ எண்டும் கேளுங்கோ. பதிலை கொம்பனி லெட்டர்ஹெட்டில தமிழில எழுதித் தரச் சொல்லுங்கோ, மாட்டன் எண்டா காசைக் குடுக்காதேங்கோ. நாங்கள் கொம்பனிக்கு எழுத்தில முறைப்பாடு குடுத்திருக்கிறம், சரிவராட்டி இன்சூரன்ஸ் முறைப்பாடுகளை விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மனிட்டப் போறம். இப்படி ஒரு பிளானில இப்ப மாசக்காசு எடுக்கிற ஆக்கள் இண்டைக்கே பொலிசியை எடுத்து அந்த அட்டவணையிட கடைசி வரியைப் பாருங்கோ, இங்கிலீஷ் தெரியாட்டி பிள்ளையளிட்டக் குடுத்து வாசிப்பியுங்கோ.