சின்ன ஃபோர் வீல் டிரைவில் இரண்டாவது பேட்டரி: நாலு வருஷ அனுபவம்

மாட்டி நாலு வருஷம் ஆகிவிட்டது. முதல் மூன்று வருஷம் 75 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு) ஏஜிஎம், அதாவது தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய லெட் ஆசிட் வகை, இப்போது ஒரு வருஷமாக 50 ஆம்பியர்-ஹவர் லித்தியம். மூன்றாம் வருஷக் கடைசியில் ஏஜிஎம் ஓய்ந்ததைத் தவிர, இந்த நாலு வருஷத்தில் பேட்டரி என்னைக் கைவிடவில்லை. காலை வாரியதெல்லாம் ஒயர், சாக்கெட், பிரேக்கர், அப்புறம் என் அவசரம். எந்த பேட்டரி வாங்கலாம் என்று யாராவது கேட்டால் எனக்கு லேசாகச் சிரிப்பு வருவது அதனால்தான். நானும் அதைத்தான் மாதக்கணக்கில் ஆராய்ந்தேன், ஒயருக்கு அரை மணி நேரம்கூட ஒதுக்கவில்லை.

வண்டி ஜிம்னி அளவு சமாசாரம். பானெட்டைத் திறந்தால் கை நுழையவே இடமில்லை, இதில் இன்னொரு பேட்டரியை எங்கே வைப்பது? வைத்தாலும் இன்ஜின் சூட்டில் வேகும். லெட் ஆசிட் வகைக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும், சாதாரண லித்தியத்தை பானெட்டுக்குள் வைக்கவே கூடாது. ஆகவே டிக்கிதான். ஆனால் டிக்கி என்பது நாம் உட்கார்ந்திருக்கும் அதே அறை. தண்ணீர் ஊற்றும் சாதாரண பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கப் போதும். அதனால் ஏஜிஎம் மாதிரி மூடிய வகை மட்டுமே உள்ளே வரலாம் என்பதில் ஆரம்பத்திலிருந்தே உறுதியாக இருந்தேன். நான் சரியாகச் செய்த ஒன்றிரண்டில் இதுவும் ஒன்று.

எதற்கு இரண்டாவது பேட்டரி என்றால், வண்டியில் வைத்திருக்கும் பிரிட்ஜுக்கு. கம்ப்ரஸர் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும், வெயில் நாளில் பத்து நிமிஷத்துக்கு நாலு நிமிஷம் ஓடும் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 38 ஆம்பியர்-ஹவர். ஏஜிஎம்மைப் பாதிக்குக் கீழே காலி செய்யக் கூடாது என்பதால் 75-இல் கைக்குக் கிடைப்பது 37. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஓடும், மறுநாள் வண்டியை எடுத்தாக வேண்டும். எனக்கு அது போதும். நூறு ஆம்பியர்-ஹவர் ஏஜிஎம் வாங்கியிருக்கலாம், ஆனால் அது முப்பது கிலோ கிட்ட வரும். ஆளும் சாமானும் சேர்த்தே முந்நூற்றுச் சொச்சம் கிலோதான் ஏற்றலாம் என்கிற வண்டியில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்க்கணும்.

முதலில் போட்டது ஒரு வோல்டேஜ் ரிலே. இன்ஜின் ஓடி 13.3 வோல்ட் வந்ததும் இரண்டு பேட்டரியையும் சேர்க்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? பழைய வண்டிக்கு இன்றும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் வண்டியின் ஆல்டர்னேட்டரை, அதாவது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவியை, கம்ப்யூட்டர் ஆட்டி வைக்கிறது. கிளம்பிய கொஞ்ச நேரம் 14-க்கு மேல் காட்டும், முன் பேட்டரி நிரம்பியது என்று தெரிந்ததும் எரிபொருள் மிச்சம் பிடிக்க 12.6-க்கு இறக்கிவிடும். ரிலே உடனே டக்கென்று பிரிந்துவிடும். நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுநாள் காலை வோல்ட் மீட்டர் வைத்தால் பின் பேட்டரி 12.4. நிறைந்த ஏஜிஎம் ஓய்வில் 12.7-க்கு மேல் நிற்க வேண்டும். மூன்று மாதம் இப்படியே ஓட்டினேன், பேட்டரிதான் மட்டம் என்று நினைத்துக்கொண்டு. கடைசியில் ரிலேயைக் கழற்றிவிட்டு 25 ஆம்பியர் டிசி டு டிசி சார்ஜர் போட்டேன். முன்னால் எத்தனை வோல்ட் வந்தாலும் இது ஏற்றிக்கொடுத்து, பின் பேட்டரிக்கு வேண்டிய 14.4-ஐத் தரும்.

அதிலும் ஒரு கூத்து. இந்தச் சார்ஜருக்கு இக்னிஷன் போட்டால் மட்டும் உயிர் வரும் ஒயர் ஒன்று கொடுக்கணும், இன்ஜின் ஓடுகிறது என்று அதை வைத்துத்தான் அது தெரிந்துகொள்ளும். நான் ஃப்யூஸ் பெட்டியில் கைக்கு எட்டிய இடத்தில் சொருகினேன். அது சாவியை எடுத்த பிறகும் உயிரோடு இருக்கும் இணைப்பு. ராத்திரி முழுக்க பிரிட்ஜ் பின் பேட்டரியிலிருந்து எடுக்க, சார்ஜர் முன் பேட்டரியிலிருந்து எடுத்துப் பின்னால் ஊற்ற, காலையில் சாவியைத் திருப்பினால் கிர்ர்... அவ்வளவுதான். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகக் கூடாது என்பதற்குத்தான் இரண்டாவது பேட்டரியே, அதை வைத்தே முதல் பேட்டரியைக் காலி செய்த பெருமை எனக்கு. சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, பத்து நிமிஷம் கழித்து மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வண்டியின் கம்ப்யூட்டர் தூங்கப் போக நேரம் எடுக்கும், உடனே பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

சரி, ஒயர் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் 6 மி.மீ. என்று போட்டிருந்த ஆட்டோ கேபிளை வாங்கினேன். அந்த ஆறு, பிளாஸ்டிக் உறையோடு சேர்த்த விட்டம், உள்ளே இருக்கும் செம்பு நாலரை சதுர மி.மீ. சொச்சம்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. முன்னாலிருந்து டிக்கி வரை போக நாலு மீட்டர், திரும்பி வர நாலு மீட்டர், சார்ஜர் முழு வேகத்தில் 30 ஆம்பியர் இழுக்கிறது. கணக்குப் போட்டால் வழியிலேயே 0.9 வோல்ட் போகும். மீட்டரும் அதைத்தான் காட்டியது: முன்னால் 14.1, சார்ஜர் வாயில் 13.2. தொலைந்த அந்த 27 வாட் எங்கே போகிறது? கார்ப்பெட்டுக்கு அடியில் ஒயரைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கார்ப்பெட்டைத் தூக்கித் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு. 16 சதுர மி.மீ. கேபிளாக மாற்றியதும் இழப்பு கால் வோல்ட்டுக்கு வந்துவிட்டது. வாங்கும்போது சதுர மி.மீ. என்று கேட்டு வாங்குங்கள், விட்டத்தைச் சொன்னால் வேண்டாம்.

கேபிளை மாற்றும்போது தெரிந்த ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து காட்டினேன். சார்ஜரையும் பார்க்கவில்லை, பேட்டரியையும் பார்க்கவில்லை, குனிந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், ஃப்யூஸ் எங்கே?" பின்னால் சார்ஜர் பக்கத்தில் இருக்கிறது என்றேன். "அப்போ இந்த நாலு மீட்டருக்கு யார் காவல்?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. ஃப்யூஸ் காப்பாற்றுவது சார்ஜரை இல்லை, ஒயரை. முன் பேட்டரி டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு ஃப்யூஸ், பின் பேட்டரி பக்கத்திலும் அதே மாதிரி ஒன்று, ஏனென்றால் இந்த ஒயருக்கு இரண்டு முனையிலும் கரண்ட் இருக்கிறது. நடுவில் எங்கேயாவது உறை தேய்ந்து பாடியில் பட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும், ஒயர் சிவந்து எரியும், அதை அணைக்க ஸ்விட்ச் கிடையாது.

தேயுமா என்றால், தேய்ந்தது. ஒரு வருஷம் கழித்து சும்மா சோதித்துப் பார்த்தபோது, இன்ஜின் அறையில் ஒரு தகடு மடிப்பின் விளிம்பில் கறுப்பு நெளிகுழாய் கத்தியால் சீவினது போலத் திறந்திருந்தது, உள்ளே சிவப்பு உறை பளபளவென்று மெருகேறி இருந்தது. உறை ஓட்டையாகவில்லை, ஆனால் இன்னொரு மழைக்காலம் தாங்கியிருக்காது. கேபிள் டை மட்டும் போட்டிருந்தேன், அது குலுக்கலில் நழுவியிருக்கிறது. இப்போது ரப்பர் வைத்த கிளிப் ஒவ்வொரு சாண் இடைவெளியிலும் போல்ட் போட்டு. ஃபயர்வாலில், அதாவது இன்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகட்டில், புது ஓட்டை போடவில்லை, வண்டியில் ஏற்கெனவே இருந்த ரப்பர் அடைப்பு வழியாகவே உள்ளே கொண்டுவந்தேன்.

பேட்டரி பெட்டியைக் கட்டிய விதத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் டிக்கியின் பிளாஸ்டிக் கொக்கியில் பட்டை போட்டு இறுக்கியிருந்தேன், ஆட்டினால் அசையவில்லை, போதும் என்று விட்டேன். ஒரு நாள் நாய் குறுக்கே வந்து பிரேக் அடித்ததில் பெட்டி நாலு விரல் அளவு முன்னால் வந்து சீட்டின் முதுகில் முட்டியது, கொக்கி விரிசல். அது வெறும் பிரேக். மோதலில் 30 ஜி, அதாவது எடையைப் போல முப்பது மடங்கு விசை, என்று வைத்தால் 23 கிலோ பேட்டரி சுமார் 700 கிலோ எடையோடு என் முதுகை நோக்கி வரும். அடுத்த நாளே இரும்புத் தகடு வெட்டி, பாடியில் நாலு போல்ட், அடியில் அகலமான வாஷர், மேலே குறுக்குப் பட்டை. துளை போடுவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள், தரைத் தகட்டுக்குக் கீழே எரிபொருள் டேங்கும் பிரேக் குழாயும் இருக்கும். நான் டிரில் பிட்டில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் டேப் சுற்றிவைத்து, அதைத் தாண்டாமல் போட்டேன், அப்படியும் கை நடுங்கியது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தென்பட்டால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, அதன் பக்கமே போக வேண்டாம்.

எர்த் ஒயரை, அதாவது திரும்பி வரும் நெகட்டிவ் ஒயரை, முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே போட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டர் வைத்த ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் நெகட்டிவ் கிளாம்பில் ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும், எவ்வளவு போகிறது வருகிறது என்று அதுதான் கணக்கு வைக்கும். முனையில் நேராகப் போட்டால் நம் கரண்ட் அதன் கணக்கில் வராது. சென்சார் தாண்டி, பாடியில் பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போட வேண்டும். ஸ்பானர் எடுப்பதற்கு முன் நெகட்டிவைக் கழற்று, மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள்.

இன்னொரு ஏமாற்றம், கரண்ட் அதிகமானால் துண்டித்துவிட்டுத் தானாகவே மீண்டும் இணையும் 50 ஆம்பியர் பிரேக்கர் ஒன்று. மலிவாகக் கிடைத்தது. 30 ஆம்பியரில் ஒரு மணி நேரம் ஓடினால் விரல் வைக்க முடியாத சூடு, இரண்டாவது வருஷம் பிளாஸ்டிக் பழுப்பு நிறமாகிவிட்டது. போல்ட் போட்டு இறுக்கும் 50 ஆம்பியர் மிடி ஃப்யூஸ் போட்டேன், இன்றுவரை குளுகுளு.

பிரிட்ஜ் விடிகாலை மூன்று மணிக்குப் பீப் அடித்து நிற்கும் தொல்லை தனிக்கதை. பேட்டரியில் 12.4 இருக்கிறது, பிரிட்ஜோ வோல்டேஜ் இல்லை என்கிறது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கு ஒன்றரை சதுர மி.மீ. ஒயர், ஆடிக்கொண்டே இருக்கும் பிளக். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் பிளக்கில் மீட்டர் வைத்தால் 11.7. வோல்டேஜ் இறங்கினால் பிரிட்ஜைத் தானாக நிறுத்தும் கட்-ஆஃப் ஹை-யில் இருந்தது வேறு. 6 சதுர மி.மீ. ஒயரும், ஆடாமல் கவ்விப் பிடிக்கும் ஆண்டர்சன் பிளக்கும் போட்ட பிறகு அந்தப் பீப் சத்தத்தை மறந்தே போய்விட்டேன்.

மூன்றாம் வருஷக் கடைசியில் ஏஜிஎம் விடியும் வரை தாங்கவில்லை. ஆரம்பத்தில் மூன்று மாதம் அரைகுறையாகச் சார்ஜ் ஆனதற்கும் இதில் பங்குண்டு என்று நினைக்கிறேன். லித்தியம் 50 என்றாலும் நாற்பது தாராளமாக எடுக்கலாம், எடை ஏழு கிலோவுக்குள், இரண்டு மணி நேரம் ஓட்டினால் நிரம்பிவிடுகிறது. ஏஜிஎம்மில் கடைசி இருபது சதவீதத்துக்கு மணிக்கணக்கில் ஓட்டணும். சார்ஜரில் பேட்டரி வகையை லித்தியத்துக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள். ஒரே குறை, உறைபனிக் காலையில் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே உள்ளிருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் சார்ஜ் ஏற்க மறுக்கும். ஒரு தடவை ஹீட்டரைப் போட்டு முக்கால் மணி நேரம் ஓட்டிய பிறகுதான் சார்ஜர் விளக்கு பச்சையானது.

எல்லா நட்டிலும் இறுக்கியதும் வெள்ளை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன், ஒவ்வொரு நீண்ட பயணத்துக்குப் பிறகும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். போன தடவை பார்த்தபோது கோடு எதுவும் விலகவில்லை. பின் ஃப்யூஸ் மூடியின் கொக்கி மட்டும் உடைந்திருக்கிறது. இப்போதைக்கு டேப் சுற்றி ஓடுகிறது, இந்த ஞாயிற்றுக்கிழமை மாற்றணும்.